பஸ் ஸ்டாப் அல்ல, பம்ப் ஸ்டாப்!

மோட்டார் காரைப் பற்றி எனக்குத் தெரிந்த விஷயங்கள் மூன்றுதான். அதற்கு நான்கு சக்கரம் உண்டு. பெட்ரோல் விலை ஏறினால் பத்திரிகையில் எழுத வேண்டும். ஏறும்போது புடவைத் தலைப்பைக் கதவிடுக்கில் விட்டுவிடக் கூடாது. இந்த ஞானத்தை வைத்துக்கொண்டு முப்பத்தாறு வயது வரை சௌக்கியமாகவே காலம் தள்ளிவிட்டேன். நாலாவது விஷயத்தைக் கற்றுக்கொண்டது திருவண்ணாமலையில், ரமணாசிரமத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், செங்கம் ரோட்டோரத்துப் பட்டறை ஒன்றில்.

"ஆசிரமத்துக்குப் போன பெண் அரை மணி தியானம் செய்துவிட்டு வருவாள் என்று பார்த்தால், கார் ரிப்பேர் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாயே!" என்றார் எங்கள் ஆசிரியர். சிரித்துவிட்டு, "சரி, அதையே எழுது" என்றும் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். ஆனால் இது காரைப் பற்றிய கட்டுரை மட்டும் அல்ல என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கார் அப்பாவுடையது. சின்ன வண்டி. பன்னிரண்டு வருஷம் ஓடியும் முகத்தில் சுருக்கம் விழாத வண்டி. அப்பா அதை அறுபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்டியதே இல்லை. எத்தனை லிட்டர் போட்டோம், எத்தனை கிலோமீட்டர் போனோம் என்பதை ஒரு சிறு நோட்டில் தேதி போட்டு எழுதி வைப்பார். வருஷம் ஒரு முறை, அவர்கள் கல்யாண நாளன்று, அம்மாவை அதில் உட்கார வைத்துத் திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு அழைத்துப் போவார். செஞ்சிக் கோட்டை கண்ணில் படும் இடத்தில் வண்டியை நிறுத்தி, பிளாஸ்கில் கொண்டுவந்த காபியை ஊற்றித் தருவார். அம்மாவுக்கு அது தேனிலவு, எங்களுக்குச் சிரிப்பு.

இரண்டு வருஷத்துக்கு முன் அப்பா போய்விட்டார். வண்டி தம்பியின் கைக்கு வந்தது. ஒரு வருஷம் கல்யாண நாள் வந்து, யாரும் வாய் திறக்காமல் கடந்து போயிற்று. சென்ற வருஷம் அம்மாவே, "என்னைக் கூட்டிக்கொண்டு போறீங்களா?" என்று கேட்டாள். எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள் கேட்டால் மறுக்க முடியுமா?

இதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் தம்பி அந்த வண்டிக்கு ஒரு அலங்காரம் செய்திருந்தான்.

"அக்கா, நாற்பது மில்லிமீட்டர் இறக்கிட்டேன்!" என்றான் ஒரு நாள். பாங்கியிலிருந்து பணம் இறக்கினேன் என்பது போல அத்தனை பெருமை. தெருவில் போய்ப் பார்த்தேன். வண்டி பூமியோடு ஒட்டிப் பதுங்கி நின்றது, பாயப் போகும் பூனை மாதிரி. ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு உயரம் குறைந்த வேறு ஸ்பிரிங்குகளை மாட்டியிருக்கிறானாம். "நன்றாகத்தான் இருக்கு" என்று சொல்லி வைத்தேன். இந்தக் கதையில் என் பங்குக் குற்றம் அது.

அம்மா மட்டும் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள். "ஏண்டா, வண்டி உட்கார்ந்துவிட்டதே, உடம்பு சரியில்லையா?" என்றாள். அவன் சிரித்தான். அவளும் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

புறப்பட்ட அன்று திண்டிவனம் வரை பெரிய ரோடு, வம்பில்லை. அதற்கப்புறம்தான் ஆரம்பித்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் "டொக்" என்று ஒரு சத்தம். சத்தம் மட்டுமல்ல, அடியிலிருந்து யாரோ உலக்கையால் குத்துவது போல் ஓர் இடி. ஸீட்டிலிருந்து கிளம்பி உச்சந்தலை வரை போகும்.

வேகத்தடைக்கும் ஒரு சாஸ்திரம் உண்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த முறைப்படி அது 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமுமாக, முதலை முதுகு போல மெல்ல வளைந்து இருக்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டரில் வருகிற வண்டி அலுங்காமல் தாண்டிப் போகும். ஆனால் நம் ஊர்த் தெருக்களில் எத்தனை வேகத்தடைகள் இந்தச் சாஸ்திரத்தைப் படித்திருக்கின்றன? குறுகலாக, செங்குத்தாக, வெள்ளைக் கோடுகூட இல்லாமல் எழும்பி நிற்பவைதான் அதிகம்.

பின் ஸீட்டில் அம்மா மேலே இருக்கும் பிடியைப் பற்றிக்கொண்டு, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஸ்மரணை செய்கிறாள் என்று நினைத்தேன். எலும்பு தேய்ந்திருக்கிறது, முதுகு அதிரக் கூடாது, தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அந்தச் சீட்டை மருந்துக் கடைக்கு எடுத்துப் போனவள் நான்தான். ஆனால் அந்த நேரத்தில் அது என் நினைவுக்கு வரவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துக்குச் சற்று முன்னால் ஒரு வேகத்தடை. எதிரே வந்த ஆட்டோவுக்கு ஒதுங்கும் அவசரத்தில் தம்பி அதைக் கவனிக்கவில்லை. இந்தத் தடவை "டொக்" இல்லை; "டணார்!" இரும்போடு இரும்பு மோதின சத்தம்.

"அம்மா!" என்று இருவரும் திரும்பினோம்.

"ஒண்ணுமில்லே. மலை தெரியறது பாரு" என்றாள் அம்மா. கன்னத்தில் ஒரு சொட்டுக் கண்ணீர் இருந்தது. பக்தி என்று நினைத்துக்கொண்டேன்.

ஆசிரம வாசலில் பெரிய இலுப்பை மரத்தடியில் சற்று நின்றோம். கூரை மேல் ஒரு மயில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் சேர்த்து ஒரே தடவையாகக் கூவிற்று. 1896-ஆம் வருஷம் செப்டம்பர் முதல் தேதி இந்த ஊருக்கு வந்த ஒரு பதினாறு வயதுப் பையன், 1950 ஏப்ரல் 14-ல் கண் மூடும் வரை இதை விட்டு வேறெங்கும் போகவில்லை. நாமோ நாலு மணி நேரப் பயணத்துக்கு நாற்பது மில்லிமீட்டர் இறக்கிக்கொண்டு வந்திருக்கிறோம்!

அம்மா பழைய ஹாலுக்குள் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்தாள். "நீங்க வண்டியைப் பாருங்கோ. நான் இங்கேயே இருக்கேன்" என்றாள். அவள் உட்கார்ந்த விதத்தில் ஏதோ வித்தியாசம் இருந்தது. ஒரு கையைத் தரையில் ஊன்றி, மெள்ள, மெள்ள. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது.

பட்டறைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அம்பாசடர் காலத்து ஆசாமி. வண்டியை ஜாக்கியில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, டார்ச்சு அடித்து உள்ளே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு தம்பியிடம் கேட்டார்:

"ஏம்பா தம்பி, பம்ப் ஸ்டாப் எங்கே?"

தம்பி விழித்தான். நான் உதவிக்கு வந்தேன். "பஸ் ஸ்டாப்பா? அதோ அந்தப் பக்கம் இருக்கே!" என்று ரோட்டைக் காட்டினேன்.

பட்டறையில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்காமல், "பஸ் ஸ்டாப் இல்லேம்மா, பம்ப் ஸ்டாப். பம்ப் ரப்பர்னும் சொல்வாங்க" என்றார். ஒரு டப்பாவைத் துழாவி, மஞ்சள் நிறத்தில் ஒரு பொருளை எடுத்து என் கையில் வைத்தார். கட்டை விரலை விடக் கொஞ்சம் நீளம். நடுவில் துவாரம். ஒரு முனை தடிப்பு, மறு முனை கூர்ப்பு. அமுக்கினால் முதலில் மெத்தென்று உள்ளே போயிற்று. போகப் போகக் கெட்டியாகி, கடைசியில் என் பலத்துக்கு அசையவில்லை.

"வீட்டிலே கதவுக்குப் பின்னாடி ரப்பர் குமிழ் வச்சிருப்பீங்க இல்லே? காத்தடிச்சுக் கதவு படீர்னு சாத்தினா சுவர்ப் பூச்சு உதிராம இருக்க? அதுதான் இது. வண்டியோட கதவு அதோ அந்தக் கம்பி" என்று காட்டினார்.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். சக்கரம் மேட்டில் ஏறும்போது ஸ்பிரிங் அமுங்குகிறது. அது பந்து போலத் துள்ளிக்கொண்டே இருக்காமல், உள்ளே எண்ணெய் நிரப்பிய ஷாக் அப்சார்பர் ஆட்டத்தை அடக்குகிறது. அதன் கம்பி குழாய்க்குள் இறங்கி ஏறும். சாதாரண ரோட்டில் இவை இரண்டுமே போதும். பெரிய பள்ளம், பெரிய மேடு வந்தால் கம்பி முழுக்க இறங்கிக் குழாயின் அடியை முட்டப் பார்க்கும். அந்தக் கடைசி நிமிஷத்தில் நடுவே வந்து இடியைத் தாங்குவதுதான் கம்பியில் கோத்திருக்கும் இந்தப் பம்ப் ஸ்டாப். நுண்ணிய காற்றறைகள் கொண்ட பாலியூரிதேன் நுரையில் செய்கிறார்கள். ரப்பரிலும் உண்டு.

"சரி, எங்கள் வண்டியில் அது எங்கே போயிற்று?"

பெரியவர் தரையில் கிடந்த சாக்குக் கட்டியை எடுத்துச் சுவரில் கணக்குப் போட்டார். "ஒரு பேச்சுக்குச் சொல்றேன். வண்டி சும்மா நிக்கும்போது கம்பி நூறு மில்லி வெளியே தெரியுதுன்னு வச்சுக்குங்க. ரப்பர் அறுபது. மிச்சம் எவ்வளவு?"

"நாற்பது" என்றேன். கணக்கில் நான் என்றுமே மோசமில்லை.

"அந்த நாற்பதுதான் வண்டி தாராளமா ஏறி இறங்கற இடம். தம்பி வண்டியை எவ்வளவு இறக்கினாரு?"

"நாற்பது" என்றான் தம்பி, குரல் உள்ளே போக.

"இப்போ மிச்சம்?"

ஒருவரும் பதில் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? பூஜ்யம். வண்டி நிற்கும்போதே ரப்பரின் மேல் உட்கார்ந்துவிடும். சின்னக் கல்லுக்குக்கூட ஸ்பிரிங்கின் இதம் கிடைக்காது. இறக்கிக் கொடுத்த பட்டறையில் அதைக் கண்டிருக்கிறார்கள். சின்ன ரப்பராகப் போட வேண்டும், அல்லது அளந்து நறுக்க வேண்டும். அந்தச் சிரமம் எதற்கு என்று, ரப்பரையே அடியோடு வெட்டி எறிந்துவிட்டார்கள்! முதலில் இதமாகத்தான் ஓடியிருக்கும். தடுக்க ஆளில்லாத வீட்டில் முதல் நாள் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தானே? ஆனால் மூன்று பேரும் மூட்டைகளுமாக ஏறி, வேகத்தடையில் விழுந்தபோது கம்பி நேராக இரும்பை முட்டிற்று. குழாயின் அடியில் உள்ள வால்வு உடைந்தது. இடப் பக்கத்து ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வழிந்திருந்தது.

"இரும்பு வாங்காத அடியை அதுக்கு மேலே இருக்கிறது வாங்கும். அதுக்கும் மேலே ஸீட்டு. அதுக்கும் மேலே..." என்று நிறுத்திவிட்டார் பெரியவர்.

அதற்கும் மேலே அம்மாவின் முதுகெலும்பு. அவர் சொல்லவில்லை; எனக்குக் கேட்டுவிட்டது.

ரப்பரை அற்பமாக நினைத்துவிடக் கூடாது. 1959-ல் இங்கிலாந்தில் வந்த 'மினி' காருக்கு அலெக் இஸிகோனிஸ் உருவம் கொடுத்தபோது, அலெக்ஸ் மோல்டன் என்பவர் ஸ்பிரிங்குக்குப் பதிலாக ரப்பர்க் கூம்புகளையே அமைத்துக் கொடுத்தார். அமுக்க அமுக்க முறுக்கேறும் குணம்தான் அதன் பெருமை. பந்தயக் கார்களில் பம்ப் ஸ்டாப்பையே இன்னொரு ஸ்பிரிங்காகக் கருதி, எத்தனை மில்லிமீட்டர் போனபின் அது தொட வேண்டும் என்று அளந்து வைக்கிறார்கள். வண்டியை இறக்குவதே பந்தயக்காரர்கள் வழக்கம். பாரம் தரையை ஒட்டி இருந்தால் வளைவில் சாயாது. சோழவரத்துப் பழைய விமானத் தளத்தில் ஒரு காலத்தில் பந்தயம் ஓட்டினார்கள். இன்று இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை 'கரி' மைதானத்திலும் ஓட்டுகிறார்கள். ஆனால் அங்கெல்லாம் வழுவழுவென்ற தனிப் பாதை. வேகத்தடை கிடையாது. பின் ஸீட்டில் அம்மாவும் கிடையாது.

"இப்போதைக்கு ஒரு பத்தியம் பண்றேன், மருந்து இல்லே" என்றார் பெரியவர். ஸ்பிரிங்கைக் கிளாம்ப் போட்டு அமுக்கிக் கழற்றினார். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளையே அடித்துவிடுமாம். ஆகவே 'நாமே செய்யலாமே' என்று யாரும் கிளம்ப வேண்டாம். புது ரப்பரின் தடித்த பக்கத்தில் கொஞ்சம் நறுக்கினார். கூரான பக்கத்தைத் தொடவில்லை. "முதல்லே மெதுவாத் தொடறது இந்த முனைதான். இதை வெட்டிட்டா ரப்பர் இருந்தும் இடிக்கும்" என்றார். கூர் முனை கீழே பார்க்கும்படி கோத்தார். பிறகு கம்பியில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் பட்டையை இறுக்காமல் கட்டினார். ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தால், அந்தப் பட்டை எதுவரை தள்ளப்பட்டிருக்கிறதோ அதுவரை கம்பி இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். டாக்டரின் தெர்மாமீட்டர் மாதிரி!

"ஊருக்குப் போனதும் இரண்டு பக்கமும் ஷாக் அப்சார்பர் மாத்தணும். பழைய ஸ்பிரிங்கையே போட்டு, முழு ரப்பர் போடுங்க. இறக்கியேதான் ஆகணும்னா அதுக்குன்னு இருக்கிற குட்டை ஷாக் அப்சார்பர், அதுக்குன்னு இருக்கிற ரப்பர், எல்லாம் ஜோடி சேரணும். ஒண்ணை மட்டும் மாத்தினா மத்தது எல்லாம் அழும்."

அவர் வேலை செய்யும்போது தம்பியை ஓரமாக அழைத்துக் கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன். "எதற்காகடா இந்த வேலை? அப்பா பன்னிரண்டு வருஷம் ஓட்டின வண்டி. அவருக்குத் தெரியாத எது உனக்குத் தெரிந்துவிட்டது?"

அவன் மலையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அப்பா வண்டி மாதிரியே இருந்தா என்னாலே ஓட்ட முடியலே அக்கா. கதவைத் திறந்தா அவர் உட்கார்ந்திருக்கிற மாதிரியே இருக்கு. வேற வண்டி மாதிரி ஆக்கிட்டா ஓட்டிடலாம்னு நினைச்சேன்."

நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். நான் அழுதேன், அம்மா அழுதாள். அவன் அழவில்லை, ஆபீஸுக்குப் போய்வந்தான். ஆண் பிள்ளை தேறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஹாலுக்குத் திரும்பினோம். அம்மா அதே இடத்தில் இருந்தாள். வெளியே அழைத்து வந்து, "முதுகு வலிக்கிறதா?" என்று கேட்டேன். காலையிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

"செஞ்சியிலேருந்து வலிக்கிறது" என்றாள்.

"சொல்லக் கூடாதா அம்மா?"

"அவன் முகத்தைப் பார்த்தியா? இத்தனை நாளைக்கப்புறம் ஆசையா ஓட்டிண்டு வரான். நான் வலிக்கிறதுன்னா, வண்டியை வித்துடுவான். அப்பா வண்டி போயிடும்." கொஞ்சம் நிறுத்தி, "வலி நாலு நாள்லே போயிடும்" என்றாள்.

தம்பி அவளுக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தான். அது அவளுக்குத் தெரியாது. இலுப்பை மரத்தடிக்குப் போய் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றான். தோள் குலுங்கிற்று. அம்மா போய் அவன் பக்கத்தில் நின்றாள். என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை. எழுதுகிறவளாக இருந்தாலும் எல்லாவற்றையும் கேட்கக் கூடாது.

திரும்பும்போது அம்மாவும் நானும் வாடகைக் காரில் வந்தோம். தம்பி தனியாக, வண்டியைப் பூப்போல ஓட்டிக்கொண்டு பின்னால் வந்தான். மறுநாள் டாக்டர் படம் எடுத்துப் பார்த்து, எலும்பில் விரிசல் இல்லை, தசைப் பிடிப்புத்தான் என்றார். மூன்று வாரம் படுக்கை. மூன்று வாரமும் சமையல் தம்பி. அந்த ரசத்தைப் பற்றித் தனிக் கட்டுரை எழுத வேண்டும்.

சட்டம் தெரிந்த நண்பர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, அவர் வேறொரு பாடம் நடத்தினார். 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, தயாரித்தவர் குறித்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்திருக்கிறது. அதே வருஷத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ஐயாயிரம் ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். வீட்டில் பிள்ளைகள் 'வண்டியை இறக்கப் போகிறேன்' என்று ஆரம்பித்தால், தாய்மார்கள் இதையும் ஞாபகப்படுத்தலாம். கூடவே, "எதற்காக?" என்று ஒரு தடவை கேட்டும் வைக்கலாம். நான் கேட்கத் தவறிய கேள்வி அது.

பழைய ஸ்பிரிங்குகளைத் தம்பி தூக்கி எறியவில்லை; கோணியில் சுற்றிப் பரணில் வைத்திருந்தான். இறக்கியவன், அவற்றை ஏன் பத்திரப்படுத்தினான்? நான் கேட்கவில்லை. அவை மறுபடி ஏறின. புது ஷாக் அப்சார்பர்கள், புது முழு ரப்பர்கள். அப்பாவின் நோட்டில் அந்தச் செலவை அவனே தேதி போட்டு எழுதினான். அப்பாவின் கையெழுத்துக்குக் கீழே அவன் கையெழுத்து.

இந்த வருஷக் கல்யாண நாளன்று மறுபடியும் போனோம். செஞ்சியில் நிறுத்திப் பிளாஸ்கிலிருந்து காபி ஊற்றினான். செங்கம் ரோட்டில் அந்த வேகத்தடை வந்தது. மெள்ள ஏறி, மெள்ள இறங்கினான்.

"தெரிஞ்சுதாம்மா?" என்றான் திரும்பாமல்.

"என்னது?" என்றாள் அம்மா.